நானாவுக்கும் இப்படித்தான்

தெம்பனிஸ், சிங்கப்பூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள நானா சேக் தாவூது அவர்களுக்கு, தங்கை பதுருன்னிசாவின் ஸலாம்.

நானும் மகள் ஃபர்சானாவும் அல்லாஹ்வின் காவலில் நலம். பரங்கிப்பேட்டைக் காற்று உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொண்டதா? ஹுசைன் தைலம் தேய்த்துவிடுகிறானா, அல்லது பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரியா? போனில் நான் ஒன்று கேட்க, நீங்கள் ஒன்று சொல்ல, நடுவில் உங்கள் மகன் கத்த, அதற்கு இந்தக் கடிதமே மேல்.

இங்கே ஒரு விசேஷம். எங்கள் வட்டாரத்தில் வயதானவர்களைக் கூப்பிட்டுக் கண் ஆய்வு நடத்துகிறார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று தனித்தனியாகக் கணக்கு எடுக்கிறார்களாம். கண்ணைப் பார்க்கிறோம் என்று கூப்பிட்டுவிட்டு உயரம், எடை, சர்க்கரை, பிரஷர், மாத்திரையைக் காலையில் போடுகிறாயா ராத்திரி போடுகிறாயா என்பது வரை விசாரித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இவ்வளவு கேட்கவில்லை.

டாக்டர் சயந்தினி என்று யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். நன்றாகத் தமிழ் பேசுகிறாள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பைப் படம் எடுத்துக் காட்டினாள். "ஆன்ட்டி, இந்த வட்டம்தான் நரம்பு கண்ணுக்குள்ள வர்ற இடம். நடுவுல ஒரு பள்ளம் எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்குக் கொஞ்சம் பெருசா இருக்கு. சில பேருக்குப் பிறவியிலயே அப்படி, ஒண்ணும் பண்ணாது. சில பேருக்கு நரம்பு தேஞ்சு பள்ளம் பெருசாகும். அது குளுக்கோமா. ஓரத்துல இருந்து பார்வை போகும், போறதே தெரியாது. போனது திரும்பி வராது" என்றாள். குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. "எங்க நானாவுக்கும் இப்படித்தான். இங்க இருந்தப்ப வருஷா வருஷம் பாத்துட்டு, பிறவி அமைப்புன்னு அனுப்பிட்டாங்க" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் உங்களுக்கும் குடும்ப அமைப்பாக இருக்கலாம் என்றாள். என் வயது இந்தியர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததிலும் நரம்பின் தடிமன் பச்சையில்தான் வந்தது. பச்சை என்றால் பயமில்லை. வெளிச்சப் புள்ளி தெரியும்போது பொத்தானை அமுக்கும் சோதனையில் மட்டும் நான் தூங்கிவிட்டேன். அது செல்லாது, அடுத்த வருஷம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நானா. மூக்கும் நிறமும் உங்களைப் போல இல்லையே என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், பர்மாக் கலப்பு என்று உம்மா எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பார். கடைசியில் நம் ஜாடை கண்ணுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது.

துஆவில் என்னை மறக்க வேண்டாம்.
தங்கை நிசா


பரங்கிப்பேட்டை
3 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை நிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். கால் வலி என்னை விட்டால் யாரிடம் போகும், கூடவே இருக்கிறது.

கண் விஷயத்தை மூன்று தடவை படித்தேன். என்னைப் பற்றி அந்த டாக்டரிடம் ஏன் சொன்னாய்? என் கண் வேறு, உன் கண் வேறு. ஒருவர் செருப்பு இன்னொருவர் காலுக்குச் சேராது. அடுத்த வருஷம் வரை காத்திருக்காதே. திரும்பப் போய், நானாவை வைத்து என்னைப் பார்க்க வேண்டாம், புதிதாகப் பாருங்கள் என்று சொல். அந்தப் பொத்தான் சோதனையைத் தூங்காமல் செய்.

காரணம் கேட்காதே. வயதானவன் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்.

இங்கே மழை விட்டுவிட்டது. ஹுசைன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

உனக்காகத் துஆச் செய்யும்
உன் நானா சேக் தாவூது


தெம்பனிஸ்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள நானாவுக்கு, ஸலாம். நலம், நலமே நாடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். வருஷமெல்லாம் டாக்டரை நம்பாதே, கருஞ்சீரகம் சாப்பிடு என்பவர், இப்போது டாக்டரே வீட்டுக்குப் போ என்றாலும் திரும்பப் போய் நில் என்கிறீர்கள். பச்சை என்று சொன்ன பிறகும் நான் போய், இல்லை இல்லை சிவப்பாக்குங்கள் என்று கேட்கவா?

நோன்பு வருகிறது. சாமான் வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். மீன் கடைக்காரர் வழக்கம்போல என்னிடம் சீனத்தில் விலை சொன்னார். "நான் தமிழ் லா" என்றதும் அசடு வழியச் சிரித்தார். அறுபது வருஷமாக இதே கதைதான். படியில் இறங்கும்போது கடைசிப் படியைக் கவனிக்கவில்லை, கால் கொஞ்சம் பிசகிவிட்டது. கண்ணாடி பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும். வேறொன்றும் இல்லை.

வாப்பாவின் கடை இருந்த டன்லப் தெருப் பக்கமும் போனேன். இப்போது அங்கே காப்பிக்கடை. பள்ளிவாசல் மட்டும் மாறவில்லை.

நோன்பில் வெயிலில் அலையாதீர்கள்.
தங்கை நிசா


பரங்கிப்பேட்டை
18 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாகப் போகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எனக்குக் கவலை.

படி தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். எந்தக் கண்? எந்தப் பக்கம்? நீ விளையாட்டாக எழுதுகிறாய், எனக்கு நோன்பு திறந்தால் கஞ்சி இறங்கவில்லை.

ஹுசைன் தன் போனில் உனக்குச் செய்தி அனுப்பித் தருகிறேன் என்கிறான். இது அப்படி அனுப்பும் விஷயம் இல்லை. இன்னொருவர் வாயாலும் விரலாலும் வரக்கூடாது. உம்மா மௌத்தாவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். அதை மீற வேண்டுமா என்று ஒவ்வொரு தராவீஹ் தொழுகையிலும் அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

நீயாகவே போய்விட்டால் எனக்கு மீற வேண்டிய அவசியம் வராது. நிசா, போய்விடு. நான் சொன்னது தப்பு, எங்க நானாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று பொய்யாவது சொல். அந்தப் பாவம் என்னைச் சேரட்டும்.

உன் நானா


தெம்பனிஸ்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள நானாவுக்கு, ஸலாம். பெருநாள் நல்லபடியாக முடிந்தது. ஃபர்சானா செய்த ரெண்டாங் கறியைச் செங்காங்கில் இருக்கும் அவள் சினேகிதிகள் சட்டியோடு காலி செய்தார்கள்.

உங்களிடம் எனக்கு வருத்தம். ஒரு தாய் வயிற்றில் பிறந்த நமக்கு ஒரே மாதிரி கண் இருப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? நோன்பு மாதத்தில் பொய் சொல்லச் சொல்கிறீர்கள். உம்மா பெயரை வேறு இழுக்கிறீர்கள். உம்மா சொன்னது உம்மாவுக்கும் உங்களுக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். எனக்குக் கேட்க வேண்டியதில்லை.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். போன வாரம் சிராங்கூன் சாலையில் இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்து இடித்துவிட்டது. மணி அடித்தானாம், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறேன். எலும்பு முறியவில்லை. ஃபர்சானா இனிமேல் தனியாகத் தேக்காவுக்குப் போகக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறாள். கண்ணாடியை மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் கண் பச்சைதான். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

நிசா


பரங்கிப்பேட்டை
5 மே 2025

நிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். இதை நீ மட்டும் படி. படித்ததும் டாக்டரிடம் போ. இரண்டாவது முக்கியம். முதலாவதை நீ செய்யாவிட்டாலும் பரவாயில்லை.

நீ உம்மா வயிற்றில் பிறக்கவில்லை.

எனக்கு எட்டு வயது. உம்மாவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து ஒரு வாரத்தில் தவறிவிட்டது. உம்மா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பழைய தேக்கா மார்க்கெட்டில் காய்கறி விற்ற சீனர் ஒருவர், வாப்பாவின் கடைக்கு வெங்காயம் வாங்க வருவார். அவர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அது புலி வருஷம். புலி வருஷத்துப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று அவருடைய தாயார் பிடிவாதம். வாப்பா ஒரு சாயங்காலம் உன்னைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து உம்மா பக்கத்தில் வைத்தார். நீ அழுதாய். உம்மா திரும்பிப் படுத்துப் பால் கொடுத்தார்.

ஐந்து தடவை வயிறு நிறையக் குடித்தால் பால்குடிப் பிள்ளை, சேக் தாவூது உனக்குச் சொந்த நானா, அதில் எந்தத் தடையும் இல்லை என்று பள்ளிவாசல் லெப்பை சொன்னார். உம்மா அந்த ஐந்தைத் தாண்டி இரண்டு வருஷம் கொடுத்தார். அதனால் நான் உன்னிடம் பொய்யாக நானாவாக இருந்ததில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

ஆனால் பாலில் எல்லாம் வரும், கண் நரம்பு வராது. என் பள்ளம் என் வாப்பா வழியில் வந்தது. உன்னுடையது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நீ என்னைக் காட்டினாய், டாக்டர் இந்தியர் கணக்கில் வைத்துப் பார்த்தார், பச்சை வந்தது. ஆள் மாறிப்போய் அளந்திருக்கிறார்கள், நிசா. இடது பக்கத்துச் சைக்கிள் உனக்குத் தெரியவில்லை. பிறவிப் பள்ளம் உள்ளவனுக்குச் சைக்கிள் தெரியும். எனக்குத் தெரிகிறது.

யாரிடமும் சொல்லாதே, அவள் என் மகளாகவே வாழட்டும் என்றுதான் உம்மா என் கையைப் பிடித்தார். உன் கண்ணைக் கொடுத்து அந்த வாக்கைக் காப்பாற்ற எனக்கு மனம் வரவில்லை. மறுமையில் உம்மா கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

சேக் தாவூது


பரங்கிப்பேட்டை
10 ஜூலை 2025

நிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மே மாதம் எழுதியது கிடைத்ததா? தபால்காரர் முத்தையா என்னைக் கண்டாலே, இல்லை பாய் என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிடுகிறார். கோபமாக இருந்தால் எழுத வேண்டாம். டாக்டரிடம் போனாய் என்று மட்டும் ஒரு வரி. ஃபர்சானாவை எழுதச் சொன்னாலும் போதும். ஹஜ்ஜுப் பெருநாள் எனக்கு வந்த மாதிரியே இல்லை.

சேக் தாவூது


தெம்பனிஸ்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு, ஃபர்சானா எழுதுறேன். என் தமிழைப் பார்த்துச் சிரிக்காதீங்க. ஸ்கூல்ல கடைசியா எழுதினது.

உம்மாவுக்கு இடது கண்ல ஆபரேஷன் முடிஞ்சது. பயப்பட வேண்டாம். வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து, தினமும். மே மாசம் உங்க லெட்டர் வந்துச்சு. அன்னிக்கு உம்மா ரூம்ல போய் ரொம்ப நேரம் வெளிய வரல. மறுநாள் காலையில என்னை லீவு போடச் சொல்லி, நேரா அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. உள்ள மட்டும் என்னை விடல. என்னன்னு கேட்டா, "எனக்கும் என் நானாவுக்கும் உள்ளது, உனக்கு எதுக்கு லா" அப்படின்றாங்க. லெட்டரையும் காட்ட மாட்டேங்கறாங்க.

இப்போ வாசிக்கவே ரொம்ப நேரம் ஆகுது அவங்களுக்கு. பதில் நான் எழுதட்டான்னு கேட்டேன். தானே எழுதுவேன்னு சொல்லிட்டாங்க. கொஞ்சம் வெயிட் பண்ணுங்க மாமா. ஹுசைன் மச்சானுக்கு ஸலாம்.

ஃபர்சானா


தெம்பனிஸ்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள நானாவுக்கு, உங்கள் தங்கை பதுருன்னிசாவின் ஸலாம்.

நான் நலம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. இதை எழுத ஒரு வாரம் ஆயிற்று. வரி கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே டாக்டரிடம் போனேன். "எங்க நானாவை வச்சு என்னைப் பாக்காதீங்க டாக்டர். நான் சீனக் குழந்தையா பிறந்தவ" என்றேன். சயந்தினி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதே படத்தை, அதே கண்ணை, என் வயதுச் சீனர்களின் கணக்கில் வைத்துப் பார்த்தாள். அவர்களுக்கு அந்த நரம்புப் படலம் பொதுவாகத் தடிமனாக இருக்குமாம். இந்தியருக்குப் போதும் என்றிருந்த அளவு, எனக்கு ஏற்கெனவே தேய்ந்து மிஞ்சிய அளவு. பச்சையாக இருந்த இடமெல்லாம் சிவப்பாக வந்தது. பொத்தான் சோதனையை இந்த முறை தூங்காமல் செய்தேன். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணிலும் இடது ஓரம் போகத் தொடங்கியிருக்கிறது. ராத்திரி நான் போட்ட பிரஷர் மாத்திரையும் சேர்ந்துகொண்டதாம். தூக்கத்தில் பிரஷர் ரொம்ப இறங்கி நரம்புக்கு ரத்தம் போதாமல் போயிருக்கிறது. இப்போது காலையில் போடுகிறேன். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், போனதைத் தர முடியாது என்றாள். ஜனவரியிலேயே சரியாகச் சொல்லியிருந்தால் வலது கண் தப்பியிருக்குமா என்று கேட்டேன். அவள் நல்ல பெண், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ அவர் உங்க சொந்த அண்ணன் இல்லையா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "சொந்த அண்ணன்தான். கண்ணுக்கு மட்டும் இல்ல" என்றேன்.

இனி நான் சொல்ல வேண்டியது. எனக்குத் தெரியும், நானா.

உம்மா மௌத்தான அன்று ஆங் மோ கியோ வீட்டு ஜன்னலிலிருந்து கீழே பார்த்தேன். அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே ஒரு சீனக் கிழவி தனியாக நின்றுகொண்டிருந்தார். நீங்கள் நாற்காலி கொண்டுபோய்ப் போட்டீர்கள். தண்ணீர் கொடுத்தீர்கள். அவர் ஒருமுறை தலையைத் தூக்கி மேலே பார்த்தார். என் முகம், நானா. இன்று கண்ணாடியில் பார்க்கும் இதே முகம். உம்மாவின் சந்தூக்குப் பெட்டி இறங்கியபோது அவர் கைகூப்பி நின்றார். நீங்கள் மேலே வந்து என் கண்ணைப் பார்க்காமல் யாசீன் ஓத உட்கார்ந்தீர்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் உம்மாவை இரண்டாவது தடவை அடக்கம் செய்ய வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் காட்டிய ஒவ்வொரு பிரியத்திலும் எனக்கு ஒரு சந்தேகம். இது தங்கைக்கா, உம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்கா? இருபத்தைந்து வருஷம் அந்த முள்ளோடு இருந்தேன். அப்போதுதான் சயந்தினி என் கண்ணுக்குள் பெரிய பள்ளம் இருக்கிறது என்றாள். உங்களுக்கும் அது உண்டு. தெரிந்தே பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் எனக்கு அது உண்மையாகவே இருந்தது. என் உடம்பு முழுவதிலும் உங்களைப் போல ஒன்று கிடைத்துவிட்டதே என்ற ஆசை. உங்கள் இரண்டாவது கடிதத்திலேயே எதைச் சொல்ல வருகிறீர்கள் என்று புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவிடாமல் நான்தான் மறித்தேன். ஒரு தாய் வயிற்றில் பிறந்த நமக்கு என்று வேண்டுமென்றேதான் எழுதினேன், அதற்கு மேல் உங்களுக்குத் தைரியம் வராது என்று.

நான் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஜாடை, என் பார்வையைத் தின்றுகொண்டிருந்த நோய்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. பிப்ரவரியில் சொல்லியிருக்கலாம். அதைவிட என் மேல் இருக்கிறது. நீங்கள் எனக்காக வாயைக் கட்டினீர்கள், நான் உங்களுக்காகக் காதைப் பொத்தினேன், நடுவில் கண் போய்விட்டது. யாரையும் குற்றம் சொல்லி இனி அது வரப்போவதில்லை.

ஒன்று மட்டும் பொறுக்க முடியவில்லை. மே மாதக் கடிதத்தில் நீங்கள் "உன் நானா" என்று போடவில்லை. ஜூலையிலும் போடவில்லை. வெறும் சேக் தாவூது. பால்குடிக் கணக்கெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் பேரை மட்டும் போட்டு முடித்திருக்கிறீர்கள். கண் போனதற்கு நான் அழவில்லை. அன்று அறைக்குள் அழுதது அதற்குத்தான்.

அந்த இரண்டு கடிதங்களையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்தைச் சரியாகப் போட்டு அனுப்புங்கள். பெரிய எழுத்தில், தாளின் வலது ஓரமாகப் போடுங்கள். இடது ஓரத்தில் போட்டால் எனக்குத் தெரியாது.

உங்கள் தங்கை
நிசா